பூச்சு உரிந்து வந்தால் அதன் முதுகைப் பாருங்கள்

கேள்வி: கோத்தகிரியில் 2007-ல் கட்டிய வீடு எங்களுடையது. மாடியில் 14 அடி நீளம், 4 அடி அகலத்தில் ஒரு பால்கனி. கீழே பீன்ஸ் பந்தல்தான், தூண் கிடையாது. சுவரிலிருந்து நீண்டு நிற்கிறது. டைல்ஸ் ஒட்டவில்லை, வெறும் சிமெண்ட் தளம்தான். மழைக்காலத்தில் கீழே சாப்பாட்டு அறைச் சுவரின் மேல்பகுதியில் ஓதம் படர்கிறது என்று சென்ற ஆண்டு ரப்பர் போன்ற வெள்ளைப் பூச்சை இரண்டு கை அடித்தோம். ஐப்பசி மழையில் அது குமிழ் குமிழாகக் கிளம்பி, இப்போது கையால் இழுத்தாலே பாய் சுருள்வதுபோல் வருகிறது. ஒரு துண்டை இத்துடன் வைத்திருக்கிறேன். ஆசிட் ஊற்றிக் கழுவிவிட்டு மறுபடி அடித்தால் போதும் என்கிறார் எங்கள் கொத்தனார். இன்னொருவர், பிரேக்கர் வைத்து மேல்தளம் முழுவதையும் கொத்தி எடுத்துவிட்டு 2 அங்குலம் புதிதாகக் கான்கிரீட் போடச் சொல்கிறார். கிரைண்டர் வாங்கித் தருகிறேன், நாமே தேய்த்துவிடலாம் என்கிறார் மருமகன். எந்தக் கருவி சரி?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, கோத்தகிரி

பதில்:

அன்புள்ள அம்மா, வணக்கம்.

உங்கள் கடிதத்தைவிட உறைக்குள் இருந்த அந்தத் துண்டு எனக்கு அதிகம் சொன்னது. உள்ளங்கை அளவுதான். மேல்பக்கம் வெள்ளை கெடவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தால் இன்றும் ரப்பராக நீள்கிறது. திருப்பிப் பார்த்தேன். முதுகு முழுக்கச் சாம்பல் நிறத்தில் மாவு அப்பியதுபோல் ஒரு படலம். கட்டைவிரலால் தேய்த்தபோது தூள் விரல் ரேகைக்குள் ஏறிக்கொண்டது. ஓர் ஓரத்தில் மட்டும், இரண்டு விரற்கடை அகலத்துக்கு, தூளுக்குப் பதிலாகக் கரும்பச்சை. அது பாசி. பாசியின் மேலேயே அடித்திருக்கிறார்கள்.

ஆகவே பூச்சின் மீது குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எதன்மேல் அதைத் தடவினார்களோ அதை அது இன்றுவரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தத் தூள்தான் தளத்தை விட்டுவிட்டது. எத்தனை விலை உயர்ந்த பூச்சை வாங்கி அடித்திருந்தாலும் இதே ஐப்பசியில் இதேபோல்தான் கழன்றிருக்கும். கருவி எதுவானாலும் அதற்கு உங்கள் பால்கனியில் ஒரே ஒரு வேலைதான்: அந்தத் தூள் தோலை எடுக்க வேண்டும், அதற்குக் கீழே ஒரு மில்லிமீட்டர்கூட அதிகமாகப் போகக் கூடாது. மூன்று பேர் சொன்ன மூன்று யோசனைகளையும் இந்த அளவுகோலால்தான் அளக்கப்போகிறேன்.

அந்தத் தூள் தோல் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கான்கிரீட் போட்டு மட்டப்பலகையால் இழுத்தவுடன் ஜல்லியும் மணலும் கீழே அமர, தண்ணீர் மெல்ல மேலே கசிந்து வரும். வரும்போது சிமெண்டின் மிக நுண்ணிய பகுதியையும் மணலின் புழுதியையும் தூக்கிக்கொண்டு வரும். தண்ணீர் ஆவியானதும் அவை மேலே ஒரு படலமாகத் தங்கிவிடும். பார்ப்பதற்கு வழவழப்பாக, அழகாக இருக்கும், வலு கிடையாது. சமவெளியில் கான்கிரீட் சீக்கிரம் இறுகிவிடுவதால் இந்தக் கசிவு சீக்கிரம் நிற்கும். நம் மலையில் குளிர் அதிகம், இறுகுவது தாமதம், ஆகவே தண்ணீர் மேலே வந்துகொண்டே இருக்கும். போதாக்குறைக்கு மாலையில் ஒரு தூறல் விழும். மட்டம் தட்டும்போது ஈரம் மினுங்கினால் அதன்மேல் வெறும் சிமெண்டைத் தூவிக் கரண்டியால் தேய்த்து மெழுகுவது நம் கொத்தனார்களின் பழக்கம். வீட்டுக்காரர்களும் அந்த மினுமினுப்பைப் பார்த்துத்தான் கூலிக்கு மேல் தேநீர்க்காசு கொடுக்கிறோம். இப்படி மெழுகிய தளம் நடப்பதற்குப் பிரமாதமாக இருக்கும். மேலே இன்னொன்றை ஒட்ட வேண்டும் என்று வரும்போதுதான் சங்கடம்.

கருவி பேசுவதற்கு முன்னால், வீட்டில் இருப்பதை வைத்தே நீங்கள் செய்யக்கூடிய நான்கு சோதனைகள் இருக்கின்றன. பூச்சு கழன்ற இடத்தில் ஒரு பழைய ஐந்து ரூபாய் நாணயத்தின் விளிம்பால் அழுத்திக் கோடு கிழியுங்கள். வெள்ளைத் தூளோடு பள்ளமாகக் கோடு விழுந்தால் தோல் இருக்கிறது. நாணயத்தின் உலோகம் தேய்ந்து தளத்தின்மேல் கறுப்புக் கோடாக விழுந்தால் தளம் கெட்டி. அடுத்து, கையளவு தண்ணீரைத் துளித்துளியாகச் சொட்டவிடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் உறிஞ்சித் தளம் கறுத்தால் துவாரங்கள் திறந்திருக்கின்றன. சேப்பங்கிழங்கு இலைமேல் நிற்பதுபோல் முத்து முத்தாக நின்றால் மேலே எண்ணெயோ, பழைய பூச்சின் மிச்சமோ, மெழுகிய படலமோ அடைத்துக்கொண்டிருக்கிறது. மூன்றாவது, சுத்தியலின் மரப்பிடியால் ஒரு சாண் இடைவெளியில் தளம் முழுக்கத் தட்டிப் பாருங்கள். ‘டக்’ என்று கேட்டால் நல்லது. பொக்கென்று கேட்கும் இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். பள்ளிக்கூடத்துக் கை, அழகாக வட்டம் போடும்.

நான்காவது கொஞ்சம் பொறுமை கேட்கும். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கண்ணாடிப் பிளாஸ்டிக் தாளைத் தளத்தில் விரித்து நான்கு ஓரத்தையும் அகலமான டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டிவிட்டு, குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். முந்தின நாள் மாலை ஒட்டி மறுநாள் காலை பத்து மணிக்குப் பிரித்தால் சரியாக இருக்கும். தாளின் அடிப்பக்கம் வியர்த்திருந்தாலோ, தளம் கறுத்திருந்தாலோ உள்ளே ஈரம் இருக்கிறது. உங்கள் ஊரில் தை மாதம்வரை இது ஈரம் என்றுதான் சொல்லும் என்று எதிர்பார்க்கிறேன். கூடலூர், தேவாலாப் பக்கம் ஆனியும் ஆடியும் பெய்து தீர்த்துவிடும். குன்னூரும் கோத்தகிரியும் ஐப்பசி, கார்த்திகையில்தான் வாங்கும். 2009 நவம்பரில் பெய்த மழையையும் அதனால் வந்த மண்சரிவுகளையும் உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. அந்த மழையைக் குடித்த கான்கிரீட் உலர இரண்டு மூன்று மாதம் கேட்பது நியாயம்தானே.

இப்போது ஆசிட். வேண்டாம் அம்மா. ஆசிட் வேலை செய்வது சிமெண்டோடு மட்டும். உங்கள் தளத்தில் இன்னும் முக்கால்வாசி இடத்தில் ரப்பர் பூச்சு இருக்கிறது. அதன்மேல் ஆசிட் தண்ணீர் மாதிரி ஓடிவிடும், திறந்து கிடக்கும் இடத்தை மட்டும் அரிக்கும். கடையில் விற்கும் ஆசிட் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக். அதிலிருக்கும் குளோரைடு விரிசல் வழியாக இறங்கிக் கம்பியை அடைந்தால், அன்றைக்கே துருவுக்கு வித்து போட்டதாகும். எவ்வளவு கழுவினாலும் உப்பு முழுவதும் போகாது. பூச்சுக்கு அடியில் அந்த உப்பு பூத்து மறுபடி தூக்கும். கழுவிய தண்ணீர் எங்கே போகும்? உங்கள் பால்கனிக்குக் கீழே பீன்ஸ் பந்தல் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மலைச்சரிவில் நாம் ஊற்றும் எதுவும் கீழ்வீட்டுக்காரரின் கிணற்றுக்கோ ஓடைக்கோதான் போகிறது. இன்னொரு முக்கியமான எச்சரிக்கை: பாசியை எடுக்கப் பிளீச்சிங் போட்ட இடத்தில் ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய இடத்தில் அது உயிருக்கே ஆபத்து. இரண்டையும் ஒரே நாளில் வீட்டுக்குள் கொண்டுவரவே விடாதீர்கள்.

பிரேக்கர் யோசனையைப் படித்தபோது எனக்குப் பதற்றமே வந்தது. உங்கள் பால்கனி தூண் இல்லாமல் நீண்டு நிற்பது. ஒரு குடத்தைத் தூக்கிக் கையை நேராக நீட்டினால் தோள்பட்டையின் மேல்பக்கம்தான் இழுக்கும். அதுபோல இந்த வகைத் தளத்தில் இழுவிசை மேல்பக்கம் வருகிறது. அதைத் தாங்கும் முதன்மைக் கம்பியும் மேல்பக்கமே இருக்கிறது. அறைக்குள் இருக்கும் சாதாரணத் தளத்தில் நடுவில் கம்பி அடிப்பக்கம் இருக்கும். மேலே கொஞ்சம் கொத்தினாலும் தாங்கும். இங்கே அப்படியில்லை. கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநிலை 456 சாதாரணச் சூழலுக்குக் கேட்கும் மூடுகனம், அதாவது கம்பியை மூடியிருக்க வேண்டிய கான்கிரீட்டின் கனம், 20 மில்லிமீட்டர்; ஏறக்குறைய முக்கால் அங்குலம். வேலை நடக்கும்போது ஆட்கள் கம்பிமேல் மிதித்துக் கம்பி கீழே இறங்கியும் இருக்கலாம், சில இடத்தில் தூக்கிக்கொண்டு அரை அங்குலத்திலேயே நிற்கவும் செய்யலாம். பிரேக்கர் முனை ஒரு குத்தில் அந்த ஆழத்தைத் தாண்டிவிடும்.

இதை நான் புத்தகத்திலிருந்து மட்டும் சொல்லவில்லை. தொழிலுக்கு வந்த ஆரம்ப ஆண்டுகளில் குன்னூர்ப் பக்கம் ஒரு பழைய பங்களாவில் இதே வேலை. மேற்பார்வை என்னுடையது. தடித்த பழைய ஓட்டுத்தளத்தை எடுக்கக் கை பிரேக்கர் போதும் என்று முடிவு செய்தது நான். காலையில் வேலை வேகமாகப் போயிற்று. சுவரை ஒட்டிய பகுதிக்கு வந்தபோது கான்கிரீட்டின் மந்தமான ஓசைக்கு நடுவே ‘ணங்’ என்று ஒரு சத்தம். நிறுத்தச் சொல்வதற்குள் இன்னொரு ‘ணங்’. குனிந்து பார்த்தால் இரண்டு கம்பிகள் வெளியே தெரிந்தன. ஒன்றில் உளிமுனை பாதி கனத்துக்கு வெட்டியிருந்தது. பால்கனியின் முன்விளிம்பு கண்ணுக்குத் தெரியும்படி இறங்கவில்லை என்றாலும் சுவரோரம் புதிதாக மயிரிழை விரிசல் ஓடியிருந்தது. ஆட்களை உடனே இறக்கிவிட்டு, இருட்டுவதற்குள் கற்பூரமரக் கட்டைகளை அடியில் முட்டுக் கொடுத்தோம். அந்த வீட்டுக்காரர் கடைசியில் தூண் எழுப்பி முன்விளிம்பைத் தாங்கவைக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து தூணில்லாத பால்கனியில் என் ஆட்கள் யாரும் பிரேக்கரைத் தொட்டதில்லை.

அவர் போடச் சொல்லும் 2 அங்குலத்தையும் கணக்குப் பாருங்கள். 2 அங்குலக் கனத்துக்கு ஒரு சதுர அடி ஏறக்குறைய 11 கிலோ எடை வரும். உங்கள் பால்கனி 56 சதுர அடி. அறுநூறு கிலோவுக்கு மேல், நிரந்தரமாக, நீட்டிய கையில் ஏற்றிவைப்பது. அதற்கு அவர் யாரிடம் அனுமதி கேட்டார்?

கிரைண்டர்தான் சரி. மருமகனுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். ஆனால் கிரைண்டர் என்பது பிடி மட்டும்தான். வேலை செய்வது அதில் மாட்டும் சக்கரம். இரும்பு தேய்க்கும் கல்லை மாட்டினால் அரை மணியில் கரைந்துவிடும். டைல்ஸ் வெட்டும் தகட்டை மாட்டித் தரையைத் தேய்க்கப் பார்ப்பது கையை இழக்கும் வழி. கேட்க வேண்டியது கான்கிரீட் தேய்க்கும் டைமண்ட் கப். கிண்ணத்தைக் கவிழ்த்தாற்போல் இருக்கும். விளிம்பைச் சுற்றி டைமண்ட் பதித்த பற்கள் இருக்கும். 5 அங்குலம் போதும். கரடு வகை, 30 அல்லது 40 கிரிட் என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள். நைசான வகையை வாங்கினால் தளம் பளிங்கு மாதிரி பளபளக்கும். நாம் திறக்க வந்த துவாரங்களையே மறுபடி அடைத்துவிடும். சிறிய கிரைண்டர்கள் நிமிடத்துக்கு ஏறக்குறைய 11,000 சுற்று சுற்றுபவை. சக்கரத்தின்மேல் அச்சிட்டிருக்கும் உச்சச் சுற்று, கிரைண்டரின் சுற்றைவிடக் குறைவாக இருந்தால் அதைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

எவ்வளவு சொரசொரப்பு வேண்டும் என்பதற்கும் ஓர் அளவு இருக்கிறது. கான்கிரீட் பழுதுபார்ப்புக்கென்றே அமெரிக்காவில் இயங்கும் ஐ.சி.ஆர்.ஐ. என்ற அமைப்பு, 1 முதல் 10 வரை படிநிலை வகுத்து, கையால் தடவி ஒப்பிட ரப்பர் அச்சுகளே செய்திருக்கிறது. ஆசிட் கழுவல் முதல் படி. கிரைண்டர் தேய்ப்பு இரண்டாவது. கை பிரேக்கர் கொத்து பத்தாவது. உங்களுக்கு அடிக்கப்போகும் ஒரு மில்லிமீட்டர் கனப் பூச்சுக்கு மூன்றை ஒட்டிய சொரசொரப்பு வேண்டும். கரடு டைமண்ட் கப் கிட்டத்தட்ட அங்கே கொண்டுபோய்விடும். அச்சுகள் இல்லாவிட்டால் பரவாயில்லை. கனமான உப்புத்தாளைத் தடவினால் எப்படி இருக்குமோ, தளம் அப்படி இருக்க வேண்டும். பத்துக்கு ஏன் போக வேண்டாம் என்பதற்குக் கம்பியைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. கொத்தும் கருவிகள், எடுத்த இடத்துக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத நொறுங்கலை விட்டுச் செல்லும். மேலே கரடாகத் தெரியும். அடியில் அது ஆட்டம் கண்டிருக்கும். தூள் தோலுக்குப் பதில் நொறுங்கல் தோல், அவ்வளவுதான்.

முதலில் பழைய ரப்பர் பூச்சை எடுத்தாக வேண்டும். இதைக் கிரைண்டரால் செய்யத் தொடங்காதீர்கள். சூட்டில் ரப்பர் உருகி டைமண்ட் பற்களுக்குள் அப்பிக்கொள்ளும், சக்கரம் வெட்டாமல் வழுக்கும். நீளக் கைப்பிடி வைத்த தரைச் சுரண்டியால் நின்றுகொண்டே தள்ளுங்கள். உங்கள் பூச்சு இருக்கும் நிலையில் பெரும்பகுதி சுருண்டு வந்துவிடும். பிடித்துக்கொண்டு வர மறுக்கும் இடங்களையும் விட்டுவைக்க வேண்டாம். புதுப் பூச்சு பழையதின்மேல் உட்கார்ந்தால் அதன் ஆயுள் பழையதின் ஆயுள்தான். அப்படியும் வராத திட்டுகளைச் சப்பை உளியைச் சாய்த்துப் பிடித்துச் சீவி எடுக்கலாம்.

பிறகு கிரைண்டர். கப்பைத் தளத்தோடு முழுக்கப் படியவைத்து, அழுத்தாமல், கருவியின் எடையிலேயே, வட்டம் வட்டமாக ஒன்றின்மேல் ஒன்று கால்வாசி ஏறும்படி நகர்த்த வேண்டும். சாய்த்துப் பிடித்தால் பிறை பிறையாகப் பள்ளம் விழும். ஒரே இடத்தில் நிறுத்தினால் குழி விழும். எப்போது போதும் என்பதைக் கண்ணும் காதும் சேர்ந்து சொல்லும். தொடக்கத்தில் வருவது மைதா மாவு போன்ற வெளிர்த்தூள். ஓசையும் மென்மையாக, சீராக இருக்கும். இரண்டு மூன்று வீச்சுக்குப் பிறகு தூளின் நிறம் அடர்ந்து சற்றுக் கரகரப்பாக மாறும், ஓசையில் ஒரு கடினம் ஏறும். நிறுத்தித் துடைத்துப் பாருங்கள். மெழுகிய சாம்பல் மறைந்து, மணல் பருக்கைகள் ரவை தூவியதுபோல் தனித்தனியாகத் தெரியும். அங்கே நிறுத்திவிட வேண்டும். ஜல்லி தெரியும்வரை போகத் தேவையில்லை. உங்கள் பால்கனியைப் பழகிய ஒருவர் ஒரு பகலில் முடித்துவிடலாம். மருமகன் புதியவர் என்றால் இரண்டு பகல் கொடுங்கள். கை களைத்த பிறகுதான் பள்ளம் விழும்.

தூசியைப் பற்றி நான் கடுமையாகவே சொல்கிறேன். கிரைண்டர் கிளப்பும் புகையில் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் தூசி தரையில் விழுந்துவிடும். தெரியாத நுண்துகள்தான் நுரையீரலின் அடிவரை போய்த் தங்குகிறது. சிலிக்கோசிஸ் வந்த நுரையீரலைப் பழையபடி ஆக்க மருந்தில்லை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-ல் இந்தத் தூசியைப் புற்றுநோய் உண்டாக்குவது என்றே வகைப்படுத்திவிட்டது. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலை செய்வதை நம் ஊரில் எங்கும் பார்க்கலாம்; அந்தத் துணி இந்த நுண்துகளைத் தடுப்பதில்லை. என்95 முகக்கவசம் மிகக் குறைந்தபட்சம். அதைவிட முக்கியம், கிரைண்டரின் மேல் மாட்டும் தூசி மூடி. கப்பைச் சுற்றிப் பிரஷ் விளிம்போடு இருக்கும் அதை ஒரு தொழில்முறை வேக்குவம் கிளீனரோடு குழாயால் இணைத்தால் பெரும்பகுதித் தூசி அங்கேயே உறிஞ்சப்பட்டுவிடும். வீட்டு வேக்குவம் கிளீனர் இதற்கு ஆகாது. நுண்தூசி அதன் பையைத் தாண்டி அறைக்குள்ளேயே திரும்ப வரும். கோயம்புத்தூரில் கிரைண்டர், மூடி, வேக்குவம் மூன்றையும் சேர்த்து வாடகைக்கு எடுக்கப் பாருங்கள். இரண்டு நாள் வேலைக்கு வாங்கி வைப்பதைவிட அது மேல். ஆள் வைத்துச் செய்தாலும் முகக்கவசத்தை நீங்களே வாங்கிக் கொடுங்கள், அவர் போட்டிருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளிப் பிள்ளைகளை அதட்டிய குரல் இங்கே பயன்படும்.

தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் தூசி வராதே என்று கேட்பீர்கள். தண்ணீருக்கென்றே செய்த கருவியாக இல்லாவிட்டால், ஈரமான பால்கனியில் மின்கருவி வேண்டாம். எப்படியானாலும் மின்கசிவு 30 மில்லி ஆம்பியரைத் தொட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. என்ற பாதுகாப்புக் கருவி உங்கள் மின்பலகையில் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்த்த பிறகே பிளக்கைச் சொருக வேண்டும்.

கப் சுவரோரம் கடைசி இரண்டு மூன்று விரற்கடைக்குள் போகாது. கைப்பிடிக் கம்பங்களின் அடியிலும் தண்ணீர்க் குழாயின் வாயிலும் போகாது. கசிவு தொடங்குவதோ பெரும்பாலும் அங்கேதான். ஆகவே கிரைண்டரை வைத்துவிட்டு உட்கார்ந்து, சிறிய உளி, சுத்தியல், கம்பிப் பிரஷ், கார்போரண்டம் கல் இந்த நான்கோடு கையால் செய்ய வேண்டிய அரைநாள் வேலை பாக்கியிருக்கிறது. யாரும் விரும்பாத வேலை. கூலிக்கு வருபவர் முதலில் தாண்டிப் போவதும் இதைத்தான். ஒவ்வொரு கைப்பிடிக் கம்பத்தின் அடியிலும் துருவைச் சுரண்டி, கம்பத்தைச் சுற்றி அரை அங்குலம் ஆழத்துக்கு மட்டும் சிறு வாய்க்கால் எடுங்கள். பிறகு அதில் சீலண்ட் நிரப்ப வேண்டும். சுவரின் அடிப்பகுதியையும் மறக்க வேண்டாம். பூச்சு சுவரில் அரை அடி மேலேறித்தான் முடிய வேண்டும். அந்த அரை அடியில் பெயிண்ட் இருந்தால் சுரண்டிச் சாந்து தெரிய எடுத்துவிடுங்கள். சாப்பாட்டு அறைச் சுவரில் படரும் ஓதம் தளத்தின் நடுவிலிருந்து வந்ததைவிட, சுவரும் தளமும் சந்திக்கும் இந்த மூலையிலிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன்.

இந்த இடத்தில் ஒரு நிபந்தனை. சுவருக்கு இணையாக, சுவரை ஒட்டி, தளத்தின் மேல்பக்கம் ஒரு விரிசல் ஓடுவதைக் கண்டாலோ, எங்காவது துருக்கறை பழுப்பாகக் கசிந்திருந்தாலோ வேலையை அங்கேயே நிறுத்துங்கள். கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் நேரில் வந்து பார்க்கும்வரை பால்கனியில் கூட்டமாக நிற்க வேண்டாம். அது பூச்சு சம்பந்தப்பட்ட விஷயம் அல்ல.

தேய்த்து முடித்ததும் வேக்குவத்தால் தூசியை எடுத்து, மூலைகளில் மிஞ்சிய பாசிக்கு நீர்த்த பிளீச்சிங் கரைசலைத் தடவிக் கால் மணி நேரம் விட்டு, நாரிழைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். பிரஷர் வாஷர் கிடைத்தால் இந்தக் கட்டத்தில் அது மிக நல்ல கருவி. துவாரத்துக்குள் போன தூசியையும் வெளியே தள்ளிவிடும். அதை மட்டும் வைத்துத் தூள் தோலை எடுத்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். கார் கழுவும் அளவு அழுத்தத்துக்கு அந்தத் தோல் போகாது. பாசி போய்த் தளம் வெளுத்ததும் வேலை முடிந்ததாக ஏமாந்துவிடுவோம். காய்ந்த பிறகு கறுப்புத் துணியால் தளத்தைத் துடையுங்கள். துணி வெளுக்காமல் வரும்வரை சுத்தம் முடியவில்லை.

ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி வாட்டத்தையும் பார்த்துவிடுங்கள். சுவரிலிருந்து வடிகால் பக்கம், 4 அடிக்கு அரை அங்குலத்துக்குச் சற்று மேல் சரிவு வேண்டும். கால் மணி கழித்தும் தண்ணீர் நிற்கும் இடங்களை மட்டும் பாலிமர் கலந்த சாந்தால் மெல்லிசாக நிரவினால் போதும்.

பூச்சைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தளத்தை எந்த ஈரத்தில் நிறுத்துவது என்பது அதைப் பொறுத்தது. பாலியூரித்தேன் வகைக்குத் தளம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பொடியும் திரவமுமாக இரண்டு பொட்டலத்தில் வரும் சிமெண்ட்–பாலிமர் வகைக்குத் தளம் நனைந்து, மேலே தண்ணீர் மினுங்காமல், மங்கலான ஈரத்தோடு இருக்க வேண்டும். மூடுபனி இறங்கும் ஊரில் தளத்தை எலும்பாகக் காயவைப்பது சிரமம். நான் உங்களுக்கு இரண்டாவதைத்தான் சொல்வேன். எதுவானாலும் தளத்தின் வெப்பம் பனிப்புள்ளியைவிட, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைவிட, 3 டிகிரி செல்சியஸாவது அதிகமாக இருக்க வேண்டும் என்பது பொது விதி. கோத்தகிரி வழக்கில் சொன்னால்: காலை பத்து மணிக்கு முன் தொடாதீர்கள், பகல் இரண்டு மணிக்கு மேல் புதுக் கை அடிக்காதீர்கள். மாலை நான்கு மணிக்கு அடித்த பூச்சின்மேல் ஏழு மணிக்குப் பனி இறங்கிவிடும். மாசி முழுவதும், பங்குனியில் பாதியும் உங்களுக்கு உகந்த நாட்கள். அதற்குப் பிறகு கோடை மழை எட்டிப் பார்க்கத் தொடங்கும்.

முழுத்தளத்துக்கும் அடிக்குமுன் ஒரு மாதிரி பார்த்துவிடுங்கள். தயாரான தளத்தில் ஓர் அடிக்கு ஓர் அடி இடத்தில் முதல் கை அடித்து, ஈரமாக இருக்கும்போதே இரண்டு விரற்கடை அகலமுள்ள கெட்டிப் பருத்தித் துணிப் பட்டையை அதில் பதித்து, ஒரு முனையை ஒரு சாண் வெளியே விட்டு, மேலே இரண்டாவது கை அடிக்கச் சொல்லுங்கள். ஏழு நாள் கழித்து வெளியே இருக்கும் முனையைப் பிடித்து மேல்நோக்கி வலுவாக இழுங்கள். துணி கிழிந்தாலோ, பூச்சே இரண்டாகப் பிளந்தாலோ தளம் பிடித்துவிட்டது, மீதியை அடிக்கலாம். பட்டை முழுதாகக் கழன்று வந்தால், திருப்பி அதன் முதுகைப் பாருங்கள். சாம்பல் தூள் இருந்தால் இன்னும் ஒரு வீச்சு கிரைண்டர் பாக்கி. சுத்தமாக, வழவழப்பாக இருந்தால் தளத்தில் அளவுக்கு மேல் ஈரம் மிஞ்சியிருந்திருக்கலாம். இரண்டில் எது என்று புரியாவிட்டால் அந்தப் பட்டையையும் ஓர் உறையில் போட்டு அனுப்பிவையுங்கள்.